நடுவில் போகிறவன்

தனக்குப் பின்னால் வேகமாக வருகிறவனைத் தொல்லை என்றும், தனக்கு முன்னால் மெதுவாகப் போகிறவனைத் தடை என்றும் நினைப்பது மனித சுபாவம். இரண்டு நினைப்பும் ஒரே மண்டைக்குள் ஒரே சமயத்தில் குடியிருக்கும்; ஒன்றோடொன்று சண்டை போட்டுக் கொள்ளாது. அதுதான் வேடிக்கை.

இந்த வேடிக்கையைத் துலக்கமாகப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்கக் காடுகளில் மலைச் சைக்கிள் விடுகிறவர்களைப் பார்க்க வேண்டும். 1970-களில் கலிஃபோர்னியாவில், டாமல்பாயஸ் மலைப் பக்கத்தில், சில இளைஞர்கள் கனத்த பழைய சைக்கிள்களை மேலே கொண்டுபோய், தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டியிருந்த மண்பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976-ல் அதைப் பந்தயமாகவே நடத்தினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் அது சூடேறி, உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்துவிடும். திரும்பக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் விழுந்துவிட்டது.

விளையாட்டு பரவிற்று. தீயணைப்புப் பாதையை விட்டுக் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள்கள் நுழைந்தன. அங்கே ஏற்கெனவே நடக்கிறவர்கள் இருந்தார்கள், குதிரைக்காரர்கள் இருந்தார்கள், பல இடங்களில் மோட்டார் சைக்கிள்காரர்களும் இருந்தார்கள். இரண்டடி அகலப் பாதை. அதில் நான்கு வகை மனிதர்கள். நான்கு வகை வேகம்.

கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் என் தம்பி மகனுக்கு இந்தப் பித்து உண்டு. மோட்டார் சைக்கிள் என்ற பேச்சை எடுத்தால் போதும், அவனுக்குக் கோபம் வந்துவிடும். "சத்தம், புகை, புழுதி! பாதையையே உழுதுட்டுப் போயிடறாங்க, பெரியப்பா. நாங்க வேர்வை சிந்தி ஏறறோம். அவன் கைப்பிடியை முறுக்கினாப் போதும், மேலே போயிடறான். இது நியாயமா?"

கேட்கிறபோது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பாதையில் நடந்து போகிற கிழவர் ஒருவரை நிறுத்திச் சைக்கிள்காரனைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். புகையையும் இரைச்சலையும் நீக்கிவிட்டு, மற்ற புகார்களை அப்படியே ஒப்பிப்பார். மாமியார் உடைத்தால் மண் குடம், மருமகள் உடைத்தால் பொன் குடம் என்பார்களே, அந்தக் கதைதான்.

வியர்வை விஷயத்துக்கு வருவோம். உழைத்து ஏறியவனுக்குப் பாதையில் உரிமை அதிகம் என்ற வாதத்தில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. நாம் எல்லாருமே உழைப்பை மதிக்கிறவர்கள் அல்லவா? ஆனால் நான் என் தம்பி மகனிடம் ஒரு கேள்வி கேட்டேன். டவுனிவில் என்ற ஊர், பழைய தங்கச் சுரங்க ஊர், அந்த வட்டாரத்து மலைச் சைக்கிள்காரர்களுக்கு க்ஷேத்திரம் மாதிரி. சுரங்கக்காரர்கள் காலத்துப் பாதைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. ஏறக்குறைய 4,000 அடி ஒரே இறக்கமாக இறங்கலாம். "அங்கே மேலே எப்படிப் போவீர்கள்?" என்றேன். அவன் சிரித்துவிட்டான். "வேன்ல ஏத்திக் கொண்டுபோய் விட்டுடுவாங்க" என்றான். பெட்ரோல் அங்கேயும் எரிகிறது. சற்று முன்னதாக, கண்ணுக்கு மறைவாக எரிகிறது, அவ்வளவுதான்.

பாதையை உழுகிற வாதமும் எதிர்பார்க்கிற அளவுக்குப் பலமாக இல்லை. 1994-ல் மான்டானாவின் மலைப்பாதைகளைப் பற்றி வெளியான ஓர் ஆராய்ச்சி, ஈரமான பாதையில் சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலுமே மண்ணை அதிகம் கிளப்பின என்று கண்டது. ஓர் ஆராய்ச்சியோடு வழக்கு முடிந்துவிடாது. செங்குத்தான ஏற்றத்தில் முறுக்கி ஏறும் மோட்டார் சக்கரம் என்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் குற்றவாளியை முகத்தைப் பார்த்தே தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்கு அது ஒரு சாட்சி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் 1971-ல் இயற்றிய சட்டப்படி, இந்த மோட்டார் வண்டிக்காரர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து அவர்களுடைய பாதைகளைப் பராமரிக்கப் பணம் போகிறது. குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தை அறுக்க ரம்பத்தைச் சுமந்து போகிறவர்களில் அவர்களும் உண்டு.

அப்படியானால் எல்லாரும் சமம், யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம் என்று முடித்துவிடலாமா? முடியாது. மோட்டார்க்காரன் போனால் சைக்கிள்காரனின் அமைதி கெடுகிறது. சைக்கிள்காரன் போவதால் மோட்டார்க்காரனுக்கு ஒன்றும் கெடுவதில்லை. தொல்லை ஒரே திசையில்தான் பாய்கிறது. இது சைக்கிள்காரனின் மிகப் பலமான வாதம். ஆனால் இதே வாதத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன் வந்தால் என்ன செய்வது? வளைவுக்கு வளைவு காதைத் தீட்டிக்கொண்டு நடக்க வேண்டியவன் அவன்தான். சைக்கிள்காரன் அவனைத் தாண்டிப் போன மறுநிமிஷமே மறந்துவிடுகிறான்.

அமெரிக்கக் காட்டிலாகாவுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. மனிதக் கை படாமல் காக்க வேண்டிய காடுகளுக்காக 1964-ல் ஒரு சட்டம் வந்தது. மோட்டார் வண்டி கூடாது, யந்திர வாகனம் கூடாது என்றது. சைக்கிள் யந்திரமா? 1984-ல் அந்தக் காடுகளில் சைக்கிளும் கூடாது என்று வெளிப்படையாகவே விதி செய்தார்கள். "எங்களை எஞ்சின்காரனோடு சேர்த்துவிட்டார்களே!" என்று சைக்கிள்காரர்கள் இன்றும் குமுறுகிறார்கள். பிறகு மின்சார மோட்டார் வைத்த சைக்கிள் வந்தது. அதை மோட்டார் வண்டி வரிசையிலேயே வைக்க வேண்டும் என்று 2022-ல் காட்டிலாகா உறுதி செய்தது. அதை வரவேற்றவர்களில், 1984 விதியைக் கண்டு குமுறுகிற சைக்கிள்காரர்களும் உண்டு!

அந்தக் காடுகளில் பாதையின் தொடக்கத்தில் ஒரு முக்கோணப் பலகை வைத்திருப்பார்கள். சைக்கிள், நடக்கிறவனுக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். நடக்கிறவன் குதிரைக்கு வழிவிட வேண்டும். மோட்டார் உள்ள இடங்களில் அது எல்லாருக்கும் வழிவிட வேண்டும்.

பலம் உள்ளவன் பலம் இல்லாதவனுக்கு வழிவிடுகிறான் என்று மேலோட்டமாகத் தோன்றும். அப்படியானால் மனிதனைவிடப் பலசாலியான குதிரைக்கு ஏன் மனிதன் ஒதுங்க வேண்டும்? குதிரை மிரளும் என்பதால். எதிரே வருவது என்ன என்று அதற்குப் புரியாது. அதனால் ஒதுங்கி நின்று, மெதுவாக இரண்டு வார்த்தை பேசு, வந்திருப்பது மனிதன்தான் என்று அதற்குத் தெரியட்டும் என்கிறார்கள். பலம், உழைப்பு, முன்னால் வந்தவன், வரி கட்டியவன் எதுவும் அங்கே கணக்கில் இல்லை. பயப்படுகிறவனுக்கு வழி. அந்தப் பலகையின் தர்மம் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தத் தர்மத்தை எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியவன் சைக்கிள்காரன். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமும்போது நெஞ்சு எப்படித் திடுக்கிடும் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த வளைவில் அதே திடுக்கிடலை இன்னொருவருக்குக் கொடுக்கப் போகிறவனும் அவன்தான். பட்டதையும் கொடுத்ததையும் ஒரே பகலில் அறிகிறவன் அந்தக் காட்டிலே வேறு எத்தனை பேர்?

இருந்தும் பட்டது மட்டும்தான் நினைவில் நிற்கிறது. கொடுத்தது விளையாட்டாகப் போய்விடுகிறது.

நம்மில் பெரும்பாலோர் காட்டுக்குப் போகாமலே நடுவில் போகிறவர்கள்தாம். மேலதிகாரி உருட்டி விழித்ததைச் சாயங்காலம் வீட்டில் வந்து விஸ்தாரமாகச் சொல்கிறோம். அன்றைக்கே நாம் நமக்குக் கீழே இருப்பவரிடம் எப்படிக் குரலை உயர்த்தினோம் என்பதை யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அவர் அதைத் தம் வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்.