பிள்ளை கண்ட பேய்

பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட் எழும் நாட்களில் ஆரம்பாக்கத்தார் மாடியேறி நின்று பார்ப்பது வழக்கம். முதலில் ஒளி தெரியும். முழக்கம் பிறகே வந்து சேரும். 1990-களின் நடுவில் அத்தகைய ஒரு நாளில், நாம் தமிழ் கற்பித்து வந்த பள்ளியின் பிள்ளைகளெல்லாம் முற்றத்துக்கு ஓட, ஒரு சிறுவன் மட்டும் பெஞ்சுக்கடியில் புகுந்து காதுகளைப் பொத்திக் கொண்டான். இலங்கைத் தமிழர்க்கென 1990-இல் கும்மிடிப்பூண்டியில் அமைந்த முகாமிலிருந்து வந்து படித்த பிள்ளை. ஏனென்று வினவியதற்கு, “பேய் வருது சேர், அம்மம்மாவைக் கொண்டுபோன பேய்” என்றான். பேயுமில்லை பிசாசுமில்லை, பொய் பேசலாகாது என்று கண்டித்து, கைபிடித்து வெளியே அழைத்து வந்தோம். அவனுடைய அம்மம்மா விமானக் குண்டுக்கு இரையானவர் என்பது பின்னரே நமக்குத் தெரிந்தது.

அவன் சொன்னது பொய்யா? நெடுநாள் கழித்து ஒரு திரைப்படம் இக்கேள்வியை மீண்டும் நம்முன் கொணர்ந்தது. சினிமாவுக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும், பொறுத்தருள்க.

ஈரான் - ஈராக் போர் 1980 முதல் 1988 வரை நடந்தது. அதனிடையே 1982-இல் தெஹ்ரானில் பிறந்த பாபக் அன்வரி, 2016-இல் பாரசீக மொழியில் எடுத்த படம் ‘அண்டர் தி ஷேடோ’. மருத்துவரான தந்தை போர்முனைக்கு அனுப்பப்பட, தாயும் சிறுமி தோர்ஸாவும் அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கின்றனர். மேல் வீட்டில் ஏவுகணை ஒன்று விழுகிறது, வெடிக்கவில்லை. ஆனால் இவர்கள் வீட்டுக் கூரையில் விரிசல் கண்டுவிடுகிறது. ஜின் வந்துவிட்டது, தன் பொம்மையை எடுத்துக் கொண்டது என்கிறாள் சிறுமி. படித்தவளான தாய் மறுக்கிறாள். விரிசலை ஒட்டும் நாடாவால் மூடுகிறாள். அந்த நாடா எதைத் தடுக்கும், பாவம்!

கியெர்மோ தெல் தோரோவின் ‘பான்ஸ் லாபிரிந்த்’ (2006) 1944-ஆம் ஆண்டின் ஸ்பெயினைக் காட்டுகிறது. சிறுமி ஒஃபீலியா பேசும் விந்தை உருவம் அவளுடைய மாற்றாந்தந்தையான படைத்தலைவன் கண்ணுக்குத் தென்படுவதில்லை. அவனே அவளைச் சுட்டு வீழ்த்துகிறான்.

பிள்ளை முகத்தைக் காட்டிக் காசுக்காகப் பயமுறுத்தும் பேய்ப் படங்களுக்கு நாம் பரிந்து பேசவில்லை. உறங்கிய தோழரை விளையாட்டாகத் திடுக்கிடச் செய்வதையே கண்டித்த மார்க்கம் நம்முடையது. ஆனால் மேற்சொன்ன படங்களில் அச்சம் பிள்ளையினுடையது. பார்ப்பவர் அப்பிள்ளையின் அருகே அமர்த்தப்படுகிறார்.

ஜின்கள் உண்டென்பது நம் நம்பிக்கை. திருமறையில் அப்பெயராலேயே ஓர் அத்தியாயம் உண்டு. ஆயினும் பிள்ளை ஜின்னென்று சொல்வதெல்லாம் ஜின்னாகிவிடாது. குண்டுக்கும் இழப்புக்கும் அதனிடம் வேறு சொல் இல்லை. பிள்ளை இரவில் அலறினால் நம் வீடுகளில் ஓதி ஊதுகிறோம், நல்லது. எதைக் கண்டாய் என்று கேட்பவர் எத்தனை பேர்? 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் இலங்கையின் வடபுலத்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளம் சேர்ந்தனர். அவர்தம் பிள்ளைகளும் அலறாமலா இருந்திருப்பார்கள்? மறுமை நாளின் கடுமைக்கு அளவாகக் குழந்தைகளின் நரையையே காட்டுகிறது சூரத்துல் முஸ்ஸம்மில்.

பெருமானார் (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ திரும்பிய வேளை, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளை மறைத்திருந்த திரை காற்றில் விலகியதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. நடுவே, துணியால் இறக்கை வைத்த குதிரை. குதிரைக்கு இறக்கையா என்று வினவினார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாகத் தாங்கள் கேட்டதில்லையா என்றார்கள் அன்னையார். நபிகள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். போர்ப் பயணத்திலிருந்து வந்தவர்கள், நின்று கேட்டார்கள், விடையையும் செவிமடுத்தார்கள்.

நாம் கேட்கவில்லை. அந்தச் சிறுவன் அதன்பின் ராக்கெட் முழங்கிய நாட்களில் பெஞ்சுக்கடியில் புகவில்லை. பேயைப் பற்றி நம்மிடம் பேசவுமில்லை. பயம் தெளிந்துவிட்டது என்றே அன்று மகிழ்ந்திருந்தோம்.