கட்டம் வரைந்தவன் காய் நகர்த்தலாமா?

நிரம்பிய நூலறிவின்றி அவையிலே பேசப் புகுவது, கட்டம் வரையாமல் வட்டாடுவதற்கு ஒப்பாகும் என்று கல்லாமை அதிகாரத்தின் முதற் குறளிலே வள்ளுவப் பெருந்தகை உவமை கூறுகிறார். கல்வியின் இன்றியமையாமையை உணர்த்த வந்தவர் அதற்கு உவமையாக எடுத்தது ஒரு விளையாட்டு என்பதை நாம் எளிதிற் கடந்து சென்றுவிடுகிறோம். சூது என்று தனியோர் அதிகாரம் வகுத்து, பொருள் வைத்து ஆடுவதைக் கடிந்தவரும் அவரே. ஆயினும் ஆட்டத்துக்கு அரங்கு வேண்டும் என்னும் உண்மையை அவர் மதித்திருக்கிறார்.

அரங்கு வேண்டும் என்பது சரி. அந்த அரங்கை வரைபவன் யார்? வரைந்த பிறகு அவனுடைய உரிமை எதுவரை செல்லும்? அரசனுடைய கடமையையும் ஆசிரியனுடைய கடமையையும் நம் அறநூல்கள் விரித்துரைத்துள்ளன. ஓய்வு நேரத்தில் நான்கு பேரைக் கூட்டி, அவர்களை விளையாடவும் கதை எழுதவும் செய்கின்ற ஓர் எளிய மனிதனின் கடமை யாது? இது சிறிய வினாவாகத் தோன்றலாம். என் வாழ்வில் இது சிறியதாக இருக்கவில்லை.

மாடியில் கூடிய கூட்டம்

தில்லி மாநகரில் நடுவணரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் வாழ்பவன் நான். அலுவலகத்தில் கோப்புகளை வரிசைப்படுத்துவதும், குறிப்பெழுதி மேலே அனுப்புவதும் என் தொழில். 2012ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடி வெயிலில் சில தமிழ்க் குடும்பத்தினர் கூடத் தொடங்கினோம். பெரியவர்கள் வேர்க்கடலையை உரித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவர். பிள்ளைகளுக்குப் பொழுது போகவேண்டுமே என்று சுண்ணக்கட்டியால் தரையிலே ஆடுபுலி ஆட்டம் வரைந்தேன். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், கூழாங்கற்களே காய்கள். அடுத்த வாரம் ஓர் அம்மையார் ஊரிலிருந்து கொணர்ந்த பல்லாங்குழியை எடுத்து வந்தார். பிறகு தாயமும் பரமபதமும் வந்து சேர்ந்தன.

சில மாதங்கள் சென்றபின், பொறியியற் கல்லூரியில் பயின்ற நண்பர் மகன் ஒருவர் விடுமுறையில் வந்து புதியதோர் ஆட்டத்தை அறிமுகம் செய்தார். அதிலே பலகை இல்லை. வெற்றி தோல்வியும் இல்லை. ஒருவர் கதைசொல்லியாக அமர்வார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தாமே படைத்துக்கொண்டு, அப்பாத்திரம் இன்னது செய்கிறது என்று சொல்லவேண்டும். செய்கை பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தின் வழிவந்தது அது என்று பின்னர் அறிந்தேன். அவர்கள் ஆட்டத்தில் அரக்கப் பாம்பும் பாதாளச் சிறையும் இருந்தன. எங்கள் பிள்ளைகள் அவற்றின் இடத்திலே சுங்கச்சாவடியையும் சோழர் காலத்துத் துறைமுகத்தையும் வைத்துக்கொண்டார்கள்.

ஆடிய கதையை எழுதிவைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அவ்வாறே கையெழுத்துப் பத்திரிகை ஒன்று பிறந்தது. தில்லியிலேயே பிறந்து, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமே பயின்று, தமிழை வீட்டுப் பேச்சாக மட்டும் அறிந்த பிள்ளைகள், தம் பாத்திரத்தின் கதையை எழுதவேண்டும் என்பதற்காகவே எழுத்துக்கூட்டித் தமிழ் எழுதத் தொடங்கினார்கள். பாடம் என்று சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டார்கள்.

ஆட்டமும் கதையும்

விளையாட்டும் புனைகதையும் இவ்வாறு உடன்பிறப்பாக வளர்வது புதுமையன்று. ஹுய்சிங்கா என்ற டச்சு வரலாற்றறிஞர் 1938இல் எழுதிய ‘ஹோமோ லூடன்ஸ்’ என்னும் நூலில், விளையாட்டு என்பது பண்பாட்டின் மிச்சத்தில் முளைத்ததன்று. பண்பாடே விளையாட்டினூடே முளைத்தது என்று நிறுவ முயன்றார். விளையாட்டு தானே விரும்பி மேற்கொள்வதாக இருத்தல் வேண்டும். ஏவலால் ஆடுவது விளையாட்டாகாது என்பது அவர் வகுத்த முதல் இலக்கணம். ஸ்டீவன்சன் 1881இல் தம் மனைவியின் மகனாகிய சிறுவனுடன் ஒரு மழைக்கால விடுமுறையில் கற்பனைத் தீவொன்றின் படத்தோடு பொழுதுபோக்கியதிலிருந்துதான் ‘புதையல் தீவு’ தோன்றியது.

ஏற்பாட்டாளனைப் பற்றிய வினாவுக்கு மிகவும் அணுக்கமான சான்று போர்க்கலையிலிருந்து கிடைக்கிறது. பிரஷ்ய நாட்டுப் படையதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர் 1824இல் போர்ப் பயிற்சிக்கென ஓர் மேசையாட்டத்தை வகுத்து வெளியிட்டார். இரு தரப்பினரும் தத்தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் தருவர். நடுவரே காய்களை நகர்த்துவார். நாளடைவில் விதிகளும் அட்டவணைகளும் பெருகி, ஆட்டம் மெல்ல நகரும் சுமையாயிற்று. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற மற்றோர் அதிகாரி, அவ்விதிகளைக் களைந்துவிட்டு நடுவரின் அனுபவத்தையும் தீர்ப்பையுமே நம்பலாம் என்றார். விதியின் ஆட்சியா, நடுவரின் ஆட்சியா என்னும் வழக்கு அன்று தொடங்கியது, இன்றும் தீரவில்லை. ஆனால் இரு சாராரும் மறுக்காத உண்மை ஒன்றுண்டு. காயை நகர்த்துவது நடுவரின் கையாக இருக்கலாம்; ஆணை மட்டும் ஆடுபவனுடையது.

இந்த உண்மையைத்தான் நான் மறந்தேன்.

நான் செய்த பிழை

கூட்டம் பதினான்கு பேராக வளர்ந்தது. என்னுள் இருந்த எழுத்தர் விழித்துக்கொண்டார். வருகைப் பதிவேடு ஒன்று திறந்தேன். மூன்று வாரம் தொடர்ந்து வராதவரின் பாத்திரம் ஆட்டத்திலிருந்து நீக்கப்படும் என்று விதி செய்தேன். கதைகளுக்கு மதிப்பெண் இட்டேன், பரிசு அறிவித்தேன். ஒழுங்கு வந்தது, சிரிப்பு குறைந்தது. பரிசு பெறுவோர் என் விருப்பத்துக்கேற்ப எழுதலாயினர். பெறாதோர் எழுதுவதையே விட்டனர். இதனை நான் வளர்ச்சி என்றே நம்பினேன்.

அவர்களுள் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அதிகம் பேசமாட்டான். மற்றவர்கள் தளபதியாகவும் மந்திரவாதியாகவும் இருக்க, அவன் ஓர் ஓடக்காரனாக இருக்க விரும்பினான். ஆட்டத்தின் ஒரு கட்டத்தில், பகைவர் என்று தெரிந்தும் காயமுற்ற இருவரை ஓடக்காரன் இரவில் ஆற்றைக் கடத்திவிட்டான். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். “அவங்க கூப்பிட்டாங்க” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அதனையே அவன் நான்கு பக்கக் கதையாக எழுதினான். கதையின் முடிவில், திரும்பி வந்த ஓடக்காரன் ஓடத்தைக் கட்டிவிட்டு உறங்கப் போகிறான். அவ்வளவுதான்.

அவ்வாண்டு எங்கள் குடியிருப்பின் பொங்கல் மலர் அச்சாயிற்று. பிள்ளைகளின் கதைகளுள் அவன் கதையையே தேர்ந்தேன். அது உயர்ந்தது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பெற்றோர் படிக்கும் மலராயிற்றே, நீதி ஒன்று வேண்டாமா என்று எண்ணினேன். ஓடக்காரன் தன் நாட்டுக்குச் செய்த துரோகத்தை எண்ணி வருந்தி, அரசன் முன் நின்று தண்டனை ஏற்பதாக முடிவை மாற்றினேன். ஒற்றுப்பிழைகளைத் திருத்தும்போதே அதனையும் திருத்தினேன். சிறுவன் பெயரிலேயே கதை வெளிவந்தது. எல்லாரும் பாராட்டினர். அவன் தந்தையார் என் கையைப் பற்றிக்கொண்டு நன்றி சொன்னார்.

மறு ஞாயிறு அவன் மலரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். “மாமா, இது என் ஓடக்காரன் இல்லை. நான் எழுதின தாளைக் குடுங்க” என்றான்.

தாள் என்னிடம் இல்லை. அச்சகத்துக்குப் படியெடுத்த பின், தேவையில்லை என்று கிழித்தெறிந்திருந்தேன். இருபது ஆண்டுப் பணியில் ஒரு கோப்பையும் தொலைத்திராதவன் நான். அலுவலகத்தில் ஒரு தாள் காணாமற்போனால் விளக்கம் கேட்பார்கள், பணிப்பதிவேட்டில் ஏறும். இங்கே என்னை விளக்கம் கேட்பார் எவருமில்லை, அவனைத் தவிர. அவனோ, இல்லை என்று நான் சொன்னதும் தலையை அசைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை மாமா” என்றான். அந்தச் சொல்லைவிட அவன் ஏசியிருக்கலாம். அதன்பின் அவன் கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு அவன் தந்தையாருக்கு மாற்றலாகிக் குடும்பம் வேற்றூர் சென்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகு தமிழில் ஏதேனும் எழுதினானா என்று நான் அறியேன்.

இரு சகோதரியர்

என் பிழையை நானே நியாயப்படுத்திக்கொள்ள முயன்ற நாள்களும் உண்டு. நான் தேர்ந்தெடுக்காவிடில் அக்கதை மாடியிலேயே மடிந்திருக்கும் அன்றோ என்று வாதித்தேன். அப்போதுதான் பிராண்ட்டி குடும்பத்தாரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது.

இங்கிலாந்தில் ஹாவொர்த் என்னும் ஊரில் வாழ்ந்த பாதிரியார் ஒருவர், 1826இல் தம் மகன் பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். அவனும் அவன் சகோதரியர் சார்லட், எமிலி, ஆன் ஆகியோரும் ஆளுக்கொரு சிப்பாயைத் தேர்ந்து பெயரிட்டு ஆடத் தொடங்கினர். அவ்வாட்டம் நாடுகளாக விரிந்தது. நாடுகளுக்கு அரசரும் போரும் பத்திரிகையும் தோன்றின. தீப்பெட்டியளவுள்ள சின்னஞ்சிறு ஏடுகளில் நுண்ணிய எழுத்தால் அவற்றை எழுதினர். சார்லட்டும் பிரான்வெல்லும் ஆங்க்ரியா என்னும் நாட்டை வளர்த்தனர். எமிலியும் ஆனும் பிரிந்து சென்று காண்டல் என்னும் நாட்டைப் படைத்தனர். 1845இல், இருபத்தாறு வயது நிறைந்த எமிலி, தங்கையுடன் யார்க் நகருக்குப் பயணம் சென்றபோதும் வழிநெடுகக் காண்டல் மாந்தராகவே இருவரும் நடித்துச் சென்றனர் என்பது அவருடைய குறிப்பால் விளங்குகிறது.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், எமிலியின் கவிதை ஏட்டை அவர் அறியாமல் சார்லட் எடுத்துப் படித்தார். எமிலி சினங்கொண்டார். அவரைத் தணிக்கச் சில மணி நேரமும், அச்சிட இசைவிக்கச் சில நாள்களும் ஆயின என்று சார்லட்டே பின்னர் எழுதியுள்ளார். 1846இல் மூவர் கவிதைகளும் புனைபெயரில் நூலாயின. விற்றவை இரண்டே படிகள். ஆயினும் அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே 1847இல் ‘ஜேன் அயர்’, ‘வதரிங் ஹைட்ஸ்’ என்னும் பெருநாவல்கள் உலகுக்குக் கிடைத்தன. சார்லட் என்னும் ஏற்பாட்டாளர் துணியாதிருந்தால் நாம் இழந்திருக்கக்கூடியது சிறிதன்று.

இங்கே என் வாதம் வென்றுவிட்டதாக நினைத்தேன். ஆனால் வரலாறு அங்கு முடியவில்லை. எமிலி 1848இல் மறைந்தார். 1850இல் அவருடைய கவிதைகளைச் சார்லட் மீண்டும் பதிப்பித்தபோது, சொற்களை மாற்றினார். வரிகளைத் தாமே சேர்த்தார். அன்புமிக்க தமக்கைதான், நற்பெயர் காக்கும் நோக்கமும் உண்டு. எனினும் முன்னதற்கும் பின்னதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. 1845இல் அவர் செய்தது அத்துமீறல். ஆனால் அதன்பின் நாள்கணக்கில் மன்றாடி இசைவு பெற்றார். 1850இல் இசைவு தருவதற்கு எமிலி இல்லை. காண்டலின் உரைநடைக் கதைகள் இன்று கிடைக்கவில்லை. கவிதைகள் மட்டுமே எஞ்சின. தொலைந்த தாள் தொலைந்ததுதான். நற்பயன் விளைந்தது என்பதனால் கேளாமற் செய்தது அறமாகிவிடாது. என் செயலிலோ அந்த நற்பயன்கூட இல்லை.

எல்லை எங்கே?

அப்படியாயின் எவரையும் திருத்தவே கூடாதா என்று அன்பர்கள் வினவலாம். எழுத்துப்பிழை அப்படியே நிற்கட்டுமா? பிறரை இழிவு செய்யும் கதையையும் வெளியிடுவதா? இவை நியாயமான வினாக்களே. ஏற்பாட்டாளன் கைகட்டி நிற்பவன் அல்லன். முறை தவறாமல் ஒவ்வொருவர்க்கும் வாய்ப்புக் கிட்டுகிறதா, வலியவன் எளியவனை அடக்குகிறானா, விளையாட்டில் பணம் நுழைகிறதா என்பவற்றைக் கண்காணிப்பது அவன் கடன். வள்ளுவர் கூறிய அரங்கு அதுவே. கதை பிடிக்கவில்லையெனில் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். காரணம் கூறி வெளியிட மறுக்கவும் செய்யலாம். மறுப்பு எழுதியவனை எழுதியவனாகவே விட்டுவைக்கிறது. அவன் பெயரில் அவன் எழுதாததை எழுதுவதோ அவன் இருந்த இடத்தில் நம்மை வைத்துவிடுகிறது. முன்னது கடுமை, பின்னது களவு.

பொழுதுபோக்குத்தானே, இதற்கு இத்தனை அறவிசாரம் வேண்டுமா என்போரும் உளர். கூலி பெறும் உழைப்பில் திருத்துதற்கு மேலதிகாரிக்கு உரிமை உண்டு. நான் எழுதும் குறிப்பைப் பிரிவு அலுவலர் அடித்து மாற்றும்போது எனக்கு வருத்தமில்லை. அது என் ஓடமன்று. மாதச் சம்பளத்தில் அடங்காத, எவர் ஏவலுமின்றி மனிதன் தானே படைக்கும் சிறுநிலம் ஒன்று இருக்குமாயின், அது இவ்வோய்வு நேரக் கற்பனையே. ஆதலின் அங்கே கைவைப்பதுதான் பெருங்குற்றம் என்று தோன்றுகிறது.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுகிறோம். வருகைப் பதிவேடு இல்லை, பரிசும் இல்லை. வேறோர் ஏடு மட்டும் வைத்திருக்கிறேன். யார் எந்தத் தாளை என்னிடம் தந்தார், எப்போது திருப்பித் தந்தேன் என்று அதில் குறிக்கிறேன். மாற்றம் ஏதேனும் வேண்டுமெனில் எழுதியவரிடம் காட்டி, அவர் கையாலேயே செய்விக்கிறேன். அவ்வேட்டின் முதல் வரியில் ஓடக்காரன் கதை, நான்கு பக்கம் என்று எழுதியிருக்கிறேன். திருப்பிய தேதிக்கான கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.