அளவுகோல் யாருடையது?

பலர் ஏற்றுக்கொண்டதனால் மட்டுமே ஒன்று உயர்ந்ததாகிவிடுமா? சிலரே அறிந்தது என்பதனால் மட்டுமே ஒன்று தள்ளத்தக்கதாகிவிடுமா? ஜொகூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றுவோர்க்கு இவ்வினா புதியதன்று. "தமிழ் படித்து என்ன பயன்?" என்று கேட்கும் பெற்றோர்க்கு நாம் விடை கூறியே வருகிறோம். கணினிக்குக் கட்டளையிடும் நிரல்மொழிகளின் உலகிலும் இதே வினா எழுகின்றது.

பரவலாகக் கற்பிக்கப்படும் நிரல்மொழியாகிய பைத்தானிடம் 'அம்மா' என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால், ஐந்து என்று கூறும். முதலாம் ஆண்டு மாணவனோ மூன்றெழுத்து என்பான். மாணவன் கூறுவதே சரி. ஒருங்குறி முறையில் 'ம்' என்பது மகரமும் புள்ளியுமாகவும், 'மா' என்பது மகரமும் காலுமாகவும் இவ்விரண்டு குறியீடுகளாகப் பதிவாகின்றன. பைத்தான் எண்ணியது குறியீடுகளை, எழுத்துகளை அன்று.

இது சிறு வேறுபாடுதானே எனலாம். 'விகடகவி'யைத் திருப்பினாலும் விகடகவியே வரவேண்டும். குறியீடு குறியீடாகத் திருப்பினாலோ, இகரக் குறி தன் வகரத்தை விட்டுப் பிரிய, சொல் சிதைகின்றது. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் எண்ணுகிறோம். எழுத்தெண்ணத் தெரியாத கருவி யாப்பை எங்ஙனம் ஆராயும்?

இங்கேதான் அதிகம் அறியப்படாத மொழிகளின் அருமை புலனாகின்றது. கணினி பெரும்பாலும் எண்களையே கையாண்ட காலத்தில், 1962-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எழுத்துத் தொடர்களை ஆராய்வதற்கென்றே 'ஸ்நோபால்' உருவாகத் தொடங்கியது. 2015-இல் வெளிவந்த 'ராக்கு' எனும் மொழி, 'அம்மா'வை மூன்றெழுத்தாகவே எண்ணுகின்றது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியிலோ 'பதிப்பி', 'ஆனால்', 'இல்லை' என்னும் தமிழ்ச் சொற்களே கட்டளைகளாகின்றன.

இவற்றைக் கற்பதில் இடர்ப்பாடும் உண்டு. நூல்கள் குறைவு, ஐயம் தீர்ப்பார் அரியர், வேலைவாய்ப்பும் மிகுதியாக இல்லை. ஆகவே, பெருவழக்கான மொழிகளை மாணவர் கைவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. பைத்தானுக்கும் தமிழெழுத்தை எண்ணக் கற்பிக்கும் 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்தொகுப்பை, எழில் தந்த அதே முத்து அண்ணாமலை முன்னின்று உருவாக்கியிருக்கிறார். சிறுமொழியில் உழைத்த கை, பெருமொழியின் குறையையும் நிறைவு செய்தது.

கருவி ஒவ்வொன்றும் தன்னை ஆக்கியோரின் அளவுகோலைத் தன்னுள் கொண்டுள்ளது. அதனையே உலகின் அளவுகோல் என மயங்குவது அறிவுக்கு இழுக்கு. 'ஐந்து' என்று இயந்திரம் கூறும்போது, தான் கற்ற இலக்கணத்தை ஐயுறாமல், "எதனை எண்ணினாய்?" என்று கேட்கும் மாணவனை உருவாக்குவதே ஆசிரியப் பணி. அவ்வினாவைக் கேட்கும் துணிவைத் தாய்மொழிக் கல்வி தருமாயின், 'என்ன பயன்?' என்பார்க்கு அதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.