முளைப்பாலிகையும் மறக்கருணையும்



திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் அங்குரார்ப்பணம் நடைபெறுவதைப் பார்த்திருப்பீர்கள். பாலிகைகளில் மண்ணிட்டு நவதானியம் விதைத்து, சிவாசாரியார் பாலும் நீரும் தெளிப்பார். கலியாண வீட்டிலும் சுமங்கலிப் பெண்கள் முளைப்பாலிகை இடுவர். நற்காரியம் முளையோடு தொடங்க வேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கம். அந்த முளைகள் காரியம் முடிந்ததும் நீரில் விடப்படும். தோட்டத்துக்கென்று நாம் சட்டியில் இடும் விதையோ வெளியே வந்து காய்க்க வேண்டியது.

பங்குனி பிறந்தால் ரொறன்ரோவில் எங்கள் வீட்டு யன்னலோரமெல்லாம் தயிர்க் கோப்பைகள்தான். நடுவதற்கு எட்டுப் பத்து வாரம் முன்பே கத்தரியும் மிளகாயும் இட வேண்டும். தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம் போதும். கோப்பையின் அடியில் துளை இல்லையென்றால் வேர் அழுகும். மிளகாய் விதைக்கு 25 பாகைச் சூடாவது கிடைத்தால்தான் சுறுக்காக முளைக்கும். பாவலும் புடோலும் வேர் குலைவதைப் பொறுக்கமாட்டா. அவற்றைக் கடதாசிக் கோப்பையில் இட்டு, கோப்பையோடே நடுவது நல்லது. தக்காளியை மட்டும் தண்டு பாதி புதைய நடலாம். புதைந்த தண்டெல்லாம் வேர் விடும்.

இவ்வளவும் பலருக்குத் தெரியும். ஆனால் மே மாதத்தில் விக்டோரியா தின விடுமுறை வந்ததும், யன்னலில் இருந்த நாற்றை அப்படியே கொண்டுபோய் வெயிலில் நட்டுவிடுகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலை நேர்வெயிலை அறியாது. தண்டு காற்றை அறியாது. இரண்டே நாளில் இலை வெளிறிச் சுருண்டுவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில் வைக்க வேண்டும். மறுநாள் இரண்டு மணி நேரம். பிறகு இளவெயில், நீரும் சற்றுக் குறைவாக. இப்படி ஏழு முதல் பத்து நாட்கள். விவசாயப் புத்தகங்கள் இதை வன்மைப்படுத்தல் என்கின்றன.

சைவசித்தாந்தம் இதற்கு நெருங்கிய ஒன்றை மறக்கருணை என்கிறது. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. தன்னை மறைத்து, உயிரை உலக அனுபவத்தில் விட்டு, மலம் பரிபாகமடையச் செய்கிறான். அதிலும் அளவு உண்டு. சஞ்சிதம் என்ற முழு நிலுவையையும் ஒரே பிறவியில் அவன் அறவிடுவதில்லை. ஒரு பகுதியையே பிராரத்தமாக ஊட்டுகிறான். கணக்காளனான எனக்குச் சித்தாந்தத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, என் வயதினர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எங்களை யாரும் ஒரு மணி, இரண்டு மணி என்று வெளியில் வைத்துப் பழக்கவில்லை. அந்த இடப்பெயர்வையும் மறக்கருணை என்று பேசுவோர் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. மனிதர் செய்த கொடுமையை ஆண்டவன் கணக்கில் எழுதுவது பிழையான பதிவு.

ஆனால் அந்த இரவின் பயத்தால் நாங்கள் எங்கள் பிள்ளைகளைக் கண்ணாடிக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறோம். பதினேழு வயதிலும் தனியே பஸ் ஏறாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அர்ச்சனைச் சீட்டு வாங்குவதும் அம்மாதான். பின் ஒரு செப்டெம்பரில், வேறு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பெட்டியோடு இறக்கிவிட்டு வருகிறோம். அடுத்த மாதம் தொலைபேசியில் அழுகை. அழாமலே இருக்கும் பிள்ளையை நினைத்துத்தான் எனக்குக் கூடுதல் பயம்.

ஆலயமே அந்த முதல் ஒரு மணி நேர நிழலாகலாம். ஒரு நாள் உபயத்தைப் பிள்ளைகளிடம் முழுதாக விடுங்கள். வரவு செலவையும் அவர்களே எழுதட்டும். பருப்பில் உப்புக் கூடினால் கூடட்டும், பந்தியில் இருந்து வாய் திறக்காமல் சாப்பிடுங்கள்.

வைகாசி விசாகத்தன்று, மிஞ்சிய நாற்றுக்களை மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள். பங்கிட்டுக் கொடுப்பது இளையோர் பொறுப்பு. பெரியவர்கள் வரிசையில் நில்லுங்கள்.