அழும் பிள்ளையும் அணைக்கும் கையும்

சீடன்: ஐயா, என் அக்காள் மகளுக்கு ஐந்து மாதம். இரவெல்லாம் அழுகை. "வளர்ப்பு சரியில்லை" என்று வருவோர் போவோரெல்லாம் அக்காளைக் குறை சொல்கிறார்கள். குழந்தையின் குணம் பிறவியில் வருவதா, தாயால் வருவதா?

குரு: குணம் அந்தக் குழந்தை கொண்டுவந்தது. அலெக்சாண்டர் தாமசும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956-ல் தொடங்கி, நியூயார்க்கில் கைக்குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் சிரமம் தராமல் வளர்ந்தார்கள். 10 பேர் எதற்கெடுத்தாலும் அழுதார்கள். பசிக்கும் தூக்கத்துக்கும் நேரங்காலமே இல்லை. அந்தத் தாய்மார் அத்தனை பேருமா வளர்க்கத் தெரியாதவர்கள்?

சீடன்: அப்படியானால் தாயிடம் வைக்கும் பற்றும் அந்தக் குணத்தைப் பொறுத்ததுதானே? சாதுவான பிள்ளை ஒட்டிக்கொள்ளும், முரண்டு பிடிப்பது விலகும்.

குரு: அவசரப்படாதே. பால்டிமோரில் மேரி எய்ன்ஸ்வொர்த் ஒரு வயதுக் குழந்தைகளைப் பழகாத அறையில் வைத்துப் பார்த்தார். தாய் சற்று வெளியே போய்த் திரும்புவாள். பிள்ளை எவ்வளவு அழுதது என்பதைவிட, திரும்பி வந்தவளிடம் எப்படி நடந்துகொண்டது என்பதையே அவர் முக்கியமாகக் கொண்டார். வீறிட்டு அழுத பிள்ளை, தாயின் தோளில் முகம் புதைத்து, விம்மல் அடங்கியதும் பொம்மையை நோக்கிக் கீழே இறங்கலாம். அழவே அழாத பிள்ளை அவளைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு: ஒரே குழந்தை தாயிடம் நம்பிக்கையோடும் தந்தையிடம் ஒட்டாமலும் இருப்பதுண்டு. பிறவிக் குணம் மட்டுமே காரணமென்றால் இருவரிடமும் ஒன்றுபோல அல்லவா இருக்கவேண்டும்?

சீடன்: ஆனாலும் ஓயாமல் அழும் பிள்ளையிடம் தாயே சலித்துப்போகிறாளே?

குரு: சலிப்பாள், அவளும் மனுஷிதானே. பிள்ளையின் குணம் பற்றைப் பாதிக்கும் ஒரு வழி அந்தச் சலிப்பு. நெதர்லாந்தில் டிம்ஃப்னா வான் டென் போம், ஏழைக் குடும்பங்களில் எளிதில் சிணுங்கும் 100 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். பாதித் தாய்மாரின் வீட்டுக்கு, பிள்ளைக்கு ஆறு மாதம் முதல் ஒன்பது மாதத்துக்குள், மூன்று முறை போய்ப் பழக்கினார்கள்: முகக்குறிப்பைக் கவனி, அழுகைக்கு ஏற்றபடி தேற்று, சிரிக்கும்போதும் கூட இரு. அவ்வளவுதான். 1994-ல் முடிவு வெளியானது. ஒரு வயதில் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாயிடம் உறுதியான பற்றோடு இருந்தார்கள். உதவி கிடைக்காத மறுபாதியில் பெரும்பாலோர் அப்படி இல்லை.

சீடன்: அக்காளிடம் நான் என்ன சொல்லட்டும்?

குரு: அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. இன்று மாலை பிள்ளையை நீ வாங்கிக்கொள், அவள் தூங்கட்டும். குறை சொல்கிறவர்களிடம் சொல்: ஆளுக்கு ஒரு வேளை வந்து பிள்ளையைத் தூக்குங்கள்.