எழுத்தும் இடைநிறுத்தமும்: ஆய்வாளருக்கான எழுதுசெயலிகள் எழுப்பும் அறவினா

ஆய்வாளர் ஒருவர் கணிப்பொறியின் முன் அமர்ந்து தொடர் ஒன்றைத் தொடங்குகிறார். பாதியில் விரல்கள் நின்றுவிடுகின்றன. பார்வை திரையை விட்டுச் சாளரத்தின் பக்கம் செல்கிறது. அந்நிலையில் அவர் எழுதுகிறார் எனக் கொள்வதா, எழுதவில்லை எனக் கொள்வதா? இவ்வினா முன்னர் அவருக்கும் அவர்தம் நெறியாளருக்கும் இடையில் மட்டும் இருந்தது. இன்று ஆய்வாளரின் எழுத்துப் பணிக்கென மென்பொருள் வடிவமைப்போர் இதற்கு விடை கண்டே தீரவேண்டிய நிலையில் உள்ளனர். செயலி அந்நேரத்தைப் பணியாகக் கணக்கிட வேண்டும். அன்றேல் வீண்பொழுதெனத் தள்ள வேண்டும். எண்ணாமலே விட்டுவிடுதல் என்னும் மூன்றாம் வழியும் உண்டு. அதனை மேற்கொள்ளும் செயலிகள் மிகச் சிலவே.

‘பயனர் அனுபவம்’ என்னும் தொடர் கணினித் துறையில் நிலைபெறுவதற்கு டொனால்டு நார்மன் முதன்மையான காரணர்களுள் ஒருவர். 1993ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த அவர் தம் பதவிப் பெயரிலேயே அத்தொடரை அமைத்துக்கொண்டார். கருவி செயற்படுகின்றதா என்பதோடு அமையாது, அதனைக் கையாள்பவர் எதனை உணர்கிறார், எங்குத் தடுமாறுகிறார் என ஆராய்வது இத்துறையின் பணி. பயனர் தாம் எண்ணுவதை எண்ணும்போதே வாய்விட்டுச் சொல்லச் செய்தல் இதில் பெருவழக்கான முறையாகும். ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் 1984ஆம் ஆண்டு நூலிலும் இவ்வகைச் சான்றுகளுக்குக் கோட்பாட்டு அடிப்படை வகுத்தனர். சைமன் பணியாற்றிய கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா பிளவரும் ஜான் ஹேய்சும் இம்முறையை எழுத்துச் செயலுக்குப் பொருத்தி, 1981ஆம் ஆண்டில் தம் கோட்பாட்டை வெளியிட்டனர். திட்டமிடல், எழுதல், மறுநோக்கல் ஆகியன வரிசையாக நிகழ்வன அல்ல, ஒன்றனுள் ஒன்று புகுந்து மீள்வன என்று அவர்கள் காட்டியமை எழுத்தாய்வின் போக்கையே மாற்றியது எனலாம்.

ஆயினும் இம்முறையில் ஓர் இடர் உண்டு. பேசுபவர் வாய்மூடினால் ‘தொடர்ந்து பேசுங்கள்’ என ஆய்வாளர் நினைவூட்டுவார். திரையில் ஒரு பொத்தானைத் தேடுபவருக்கு இது பொருந்தும். ஒரு வாதத்தைத் தேடுபவர் வாய்மூடும் இடம், பெரும்பாலும் அவர் எண்ணம் செறிவுறும் இடமாகும். அங்கு நினைவூட்டினால் கிடைப்பது எண்ணத்தின் பதிவன்று. எண்ணம் கலைந்ததன் பதிவே.

மௌனத்தைக் குலைக்காமல் அளக்கும் வழியொன்றும் தோன்றியுள்ளது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் மரியெல்லே லெய்டன், லூக் வான் வாஸ் ஆகியோர் உருவாக்கிய இன்புட்லாக் என்னும் மென்பொருள், எழுதுபவரின் ஒவ்வொரு விசையழுத்தத்தையும் அதன் நேரத்துடன் பதிகின்றது. இத்துறையார் இரண்டு வினாடிக்கு மேற்பட்ட நிறுத்தத்தைச் சிந்தனைக்குரிய இடைநிறுத்தமாகக் கொள்வது வழக்கம். சொற்களுக்கிடையே உள்ளதைவிடத் தொடர்களுக்கிடையேயும், அதனினும் மிகுதியாகப் பத்திகளுக்கிடையேயும் நிறுத்தம் நீள்கிறது என்பது பல ஆய்வுகளில் புலப்பட்டுள்ளது. எழுத்து நிற்குமிடத்தில் சிந்தனை நடக்கிறது என்பதற்கு இஃது ஓரளவு சான்றாகும்.

இனி, 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மிக ஆபத்தான எழுதுசெயலி’ என்னும் பொருள்படும் பெயர் கொண்ட கருவியை நோக்குவோம். அதில் ஏறத்தாழ ஐந்து வினாடி விரல் ஓய்ந்தால் அதுவரை எழுதிய யாவும் அழிந்துவிடும். அதற்கு முன்பே வந்த ‘எழுது, அன்றேல் மடி’ என்னும் பெயருடைய மென்பொருளின் கடுமையான நிலையில், எழுதுபவர் நிறுத்தினால் எழுதிய சொற்கள் தாமே மறையத் தொடங்கும். ஓரிடத்தில் இரண்டு வினாடி கடந்தால் சிந்தனை. மற்றோரிடத்தில் ஐந்து வினாடி கடந்தால் தண்டனை. அளக்கப்படும் பொருள் ஒன்றே. அதன்மீது வழங்கப்படும் தீர்ப்பே வேறு.

இதற்கு மறுப்பாக வலுவான சான்றொன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி ஆசிரியர்கள் மூன்று குழுவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் எழுதாதிருக்குமாறும், மற்றொரு குழுவினர் உள்ளம் எழும்போது எழுதுமாறும் பணிக்கப்பட்டனர். மூன்றாம் குழுவினர் குறித்தபடி எழுதாவிடின், தாம் வெறுக்கும் அமைப்பொன்றிற்குத் தம் பணத்தை இழக்க நேரும். இறுதியில் மிகுதியாக எழுதியவர்களும், புதிய கருத்துகள் மிகுதியாகத் தோன்றியதாகக் குறித்தவர்களும் மூன்றாம் குழுவினரே. உள்ளம் எழக் காத்திருத்தல் என்பது பலருக்குச் சோம்பலின் மதிப்புமிக்க பெயர் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. நம் துறைகளில் ஆண்டுக்கணக்கில் முடிவுறாதிருக்கும் ஆய்வேடுகளைக் கண்டவர் எவரும் இதனை எளிதில் மறுத்துவிட இயலாது.

எனினும் பாய்ஸின் கட்டுப்பாடு அமர்வதற்கானது. அமர்ந்தபின் ஐந்து வினாடி வானத்தை நோக்கியதற்கு அவர் எவரையும் ஒறுக்கவில்லை. முன்னது நோன்பைப் போன்றது: நாளும் பொழுதும் குறித்துத் தானே தன்னைக் கட்டிக்கொள்வது. பின்னது நோன்பிருப்பவரின் மூச்சை எண்ணுவது. தாமே விரும்பி ஏற்றதாயிற்றே என்னும் வாதம் முன்னதற்குப் பொருந்துமளவிற்குப் பின்னதற்குப் பொருந்தாது. விரும்பியவர் வேண்டியது நல்ல நூல். கருவி தருவது நில்லாத விரல்.

நீக்கலைப் பற்றியும் இங்குச் சொல்லவேண்டும். ஸ்க்ரிவனர் என்னும் எழுதுமென்பொருளில் ஓர் அமர்வுக்குரிய சொல்லிலக்கை வகுத்துக்கொள்ளலாம். அதன் அமைப்புப் பகுதியில் எதிர்ம எண்ணை அனுமதிப்பதா என்று தெரிவு செய்வதற்கு ஒரு சிறு கட்டம் உள்ளது. எழுதியதைவிட நீக்கியது மிகுதியாயின், அன்றைய பணியைச் சுழிக்குக் கீழே காட்டலாமா என்பதே அதன் பொருள். நீக்கல் பணியா, இழப்பா என்னும் பழைய வினா ஒரு கட்டத்தில் குறியிடுவதோடு முடிந்துவிடுகிறது. இக்கட்டுரையாளர் அறிந்த ஆய்வு மாணவி ஒருவர், தம் இரண்டாம் இயல் முழுவதும் முதல் இயலை வேறு சொற்களில் கூறுவதாக ஒருநாள் கண்டு, அதனை முற்றும் நீக்கினார். ஆய்வேடு உருப்பெற்றது அன்றுதான். அவர் கையாண்ட செயலி அந்நாளை வெறுநாளாகக் காட்டியது. அவரும் அதனை நம்பி இரண்டு நாள் சோர்ந்திருந்தார்.

தமிழில் எழுதுவார்க்கு இக்கணக்கு மேலும் நகைப்பிற்குரியது. கருவி இடைவெளிகளையே எண்ணுகிறது. ‘வந்துகொண்டிருந்தான்’ எனச் சேர்த்தெழுதின் ஒரு சொல். ‘வந்து கொண்டு இருந்தான்’ எனப் பிரித்தெழுதின் மூன்று. புணர்ச்சி பேணுபவர் குறைவாக உழைத்தவராகவும், பிரித்தெழுதுபவர் மிகுதியாக உழைத்தவராகவும் திரையில் தோன்றுவர். சில எழுத்தில் பலபொருள் செறிதலை நூற்பாவின் இலக்கணமாகக் கொண்டு, மிகைபடக் கூறலை நூற்குற்றமாக வகுத்த மரபினர், அக்குற்றத்திற்கே மதிப்பெண் தரும் அளவுகோலின் கீழ் அமர்ந்திருக்கிறோம்.

இவ்வளவுகோலைச் செயலிகள் தாமே படைத்தன எனல் நேர்மையன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியர்தம் வெளியீடுகளைப் புள்ளிகளாக மாற்றின. ஆய்வேட்டினை அளிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என ஆய்வு மாணவர்க்கு 2009இல் விதித்த கட்டாயம் 2022ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. இச்சூழலில் உள்ள ஒருவரிடம் ‘உமக்கு என்ன வேண்டும்?’ எனப் பயனராய்வாளர் வினவினால் ‘விரைவு’ என்றே விடை வரும். அவ்விடை பொய்யன்று. ஆயின் அதனைக் கூறுவது எழுதுபவரின் தேவையா, அவர் தோள்மேல் நிற்கும் நிறுவனத்தின் தேவையா என்பதை வினாநிரல் பிரித்தறிவதில்லை.

எனவே பயனராய்வு தன் வினாக்களைக் கேட்கும் காலத்தை மாற்றிப் பார்க்கலாம். அமர்வு முடிந்தவுடன் கேட்டால் எத்தனை சொல் எழுதினோம் என்னும் மனநிறைவே விடையாகும். ஓராண்டு கழித்து, அச்சிட்ட கட்டுரையை எழுதியவர் முன் விரித்து, இதில் எப்பகுதியை இன்றும் உமதென ஏற்கிறீர், அப்பகுதி தோன்றிய நாளில் செயலி உமக்கு என்ன காட்டியது என வினவின் வேறு விடை கிடைக்கக்கூடும். அம்மாணவி இப்போது சொல்லெண்ணிக்கையைத் திரையினின்று மறைத்துவிட்டு, தொடங்கும் நேரத்தை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார்.