மறைத்தலும் ஏய்த்தலும்: செப்படிவித்தை நூல்கள் எழுப்பும் ஓர் அறவினா

செப்படிவித்தை கற்பிக்கும் நூல்கள் தனியானதோர் இனம். வைத்திய நூலொன்று பலர் கையை அடைவதனால் வைத்தியம் தளர்வதில்லை. செப்படிவித்தையோ அறிந்தோர் தொகை பெருகப் பெருகத் தேய்வது. ஏஞ்சலோ லூயிஸ் என்னும் ஆங்கில வழக்கறிஞர், 'பேராசிரியர் ஹொவ்மன்' என்ற புனைபெயரில் 1876இல் வெளியிட்ட 'நவீன மாயவித்தை' சீட்டு, நாணயம், கைக்குட்டை முதலியவற்றாற் செய்யும் வித்தைகளைக் கூறுகூறாகப் பிரித்து விளக்கியது. ஒரே மாலையில் ஒரே வித்தையை இருமுறை காட்டலாகாது, நிகழப்போவதை முன்கூட்டி உரைக்கலாகாது என மாணாக்கனை எச்சரிக்கும் அந்நூலே, காசு கொடுத்து வாங்கும் எவனுக்கும் மறைபொருளைத் திறந்து வைத்தது. மறைபொருளை வெளியிடுதல் துரோகமா, கடமையா என்ற வினா இம்முரணிலிருந்து பிறக்கின்றது.

இவ்வினா அதனினும் பழையது. 1584இல் றெஜினோல்ட் ஸ்கொட் சூனியம் பற்றி எழுதிய நூலில், நாவில் ஊசி பாய்ச்சுதல் போன்ற வித்தைகளின் சூட்சுமங்களைப் படத்துடன் விளக்கினார். சூனியக்காரிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்கள் கொல்லப்பட்ட காலம் அது. பேயின் செயலெனப்பட்டது மனிதக் கையின் செயலே என்று காட்டுவது அன்று உயிர்களைப் பற்றிய காரியமாயிருந்தது.

கொழும்பிலே இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையால் விடையளிக்க முற்பட்டவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவிற் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றி, வெள்ளவத்தையை அடுத்த பாமன்கடையில் வாழ்ந்தவர். அமானுட ஆற்றலை ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் நிரூபிப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறைகூவினார். முத்திரையிட்ட உறையினுள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தை வாசித்துக் காட்டினாலே போதும். 1978இல் அவர் மறையும்வரை அப்பணத்தை எவரும் வென்றாரில்லை.

அவ்வறைகூவலைத் தொடர்ந்தவர் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரைச் சேர்ந்த பி. பிரேமானந்த். அவர் தொகுத்த 'விஞ்ஞானமும் அற்புதங்களும்' என்ற பொருள்படும் ஆங்கில நூல், உள்ளபடி நோக்கின், ஒரு செப்படிவித்தைப் பாடநூலே. வெறுங்கையில் விபூதி வருவது எவ்வாறு? சாம்பலைக் கஞ்சியிற் குழைத்து, உருண்டையாக்கி உலர்த்தி, பெருவிரலிடுக்கில் ஒளித்து, கையைச் சுழற்றும்போது நொறுக்கினால் விபூதி உதிரும். தீப்பெட்டியின்றி வேள்வித் தீ மூள்வது? விறகிடையே பொற்றாசியம் பேர்மங்கனேற்றைத் தூவி, நெய்யெனக் கிளிசரீனை வார்த்தாற் சற்று நேரத்தில் தீப்பற்றும். எரியும் கர்ப்பூரத்தை நாவில் ஏந்துபவர் சூடு உறைக்குமுன் வாயை மூடிவிடுகிறார். காற்றின்றித் தீ அவிகின்றது.

இத்தகைய நூல் வஞ்சகனுக்கும் பயன்படாதா என்பர். வஞ்சகனுக்கு இவை முன்னரே தெரியும். தெரியாதிருந்தவர் பார்த்திருந்தவர் மட்டுமே.

ஆயினும் வெளியீடு எல்லாம் ஒரு தன்மையன அல்ல. கொட்டாஞ்சேனைத் தெருமுனையில் ஒருவன் துணி விரித்து, செம்புக்குள் பந்தை மறைத்துக் காட்டுவானாயின், அவன் வழியை மறைக்கிறான். வழியொன்று உண்டு என்பதை மறைப்பதில்லை. சூழ நிற்போர் ஏமாறுவதற்கு உடன்பட்டே நிற்கின்றனர். மாயையை விளக்கச் சங்கரர் கயிற்றில் ஏறும் மாயாவியை உவமை காட்டியதும் அது கண்கட்டு என்பதைக் கேட்போர் அறிந்திருந்தமையாலன்றோ? அத்தெருவித்தைக்காரனின் செம்பைக் கவிழ்த்துக் காட்டிச் சிரிப்பவன் பகுத்தறிவாளன் ஆகான். ஏழையின் பிழைப்பைக் கெடுப்பவனே ஆவான். விபூதி உதிர்ப்பவரோ வழி உண்டென்பதையே மறைக்கிறார். அங்கே பார்ப்பவரின் உடன்பாடு கேட்கப்படவேயில்லை. பிழை கையின் மறைவில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

இப்பிழை போலிச் சாமியாருக்கு மட்டும் உரியதன்று. 1856இல் பிரெஞ்சு அரசு றொபேர் ஊடன் என்னும் பெரும் வித்தைக்காரரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. மின்காந்தத்தினாற் பெட்டியொன்றை அசையாது நிறுத்தி, அதைத் தூக்க வந்த வலியவனின் பலத்தைத் தாம் பறித்துவிட்டதாக அவர் நடித்தார். அரங்கில் கைதட்டல் பெறும் அதே கலை, அடிமைப்பட்ட மக்கள்முன் ஆட்சியின் கருவியாயிற்று.

கடினமான இடம் இன்னொன்று. நோயுற்ற குழந்தையுடன் வரும் தாய் அவ்விபூதியை நெற்றியிலிட்டு ஆறுதல் அடைகிறாள். அவளிடம் கஞ்சியுருண்டையைப் பற்றிச் சொல்வது எவ்வாறு? ஆறுதலைப் பறிப்பது கொடுமை என்பாரின் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவ்வாறுதலுக்காக மருந்து தள்ளிப்போடப்படுமாயின் விலை கொடுப்பது குழந்தை. அவள் நம்பிக்கையை எள்ளி நகையாடுபவனும் ஒருவகையில் அவளை மேடைப்பொருள் ஆக்குபவனே. பகுத்தறிவாளரின் எழுத்துகளில் இவ்வெள்ளல் மிகுதி என்பதை மறுத்தற்கில்லை.

பிரேமானந்தும் அவர் வழிவந்தோரும் ஊரூராய் நடத்திய கூட்டங்களில் வேறொரு முறை காணப்பட்டது. முதலில் சாமியாரைப் போலவே வித்தைகளைச் செய்து காட்டுவர். கூட்டம் வியந்தபின் அவற்றின் சூட்சுமத்தை விளக்கி, பார்த்திருந்தோரையே முன்னழைத்துச் செய்யவைப்பர். சாம்பல் அப்போது அவர்கள் விரலிடுக்கிலிருந்தே உதிரும்.